சோயாவிலை கவனமா இருங்கோ

நான் மலை ஏறியவள் அல்ல. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால்தான், கலிபோர்னியாவில் ஒரு பாலைவனத்தின் நடுவில், பட்டப்பகலில், எந்தப் பெண்ணும் தன் வருங்கால மாமியாருக்குக் காட்டக் கூடாத கோலத்தில் நான் கிடக்க நேர்ந்தது. (என்ன கோலம் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மிச்சத்தை வாசிக்க மாட்டீர்கள்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து பத்து வருடம். லண்டன் ஹரோவில் அண்ணையும் அண்ணியும் வாங்கிய வீட்டின் மாடியில், கொதிநீர்த் தாங்கிக்குப் பக்கத்து அறையில் இருந்தேன். கவுன்சில் அலுவலகத்தில் வேலை. வீதியோரம் கார் நிறுத்த அனுமதி அட்டை கொடுக்கிற கவுண்டர். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சனங்கள் என்னைத் திட்டுவார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அண்ணி கண்ணாடி இல்லாமலே திட்டுவார்: "முப்பது வயசாச்சு."

அதற்குள் மூன்று சம்பந்தம் பேசி மூன்றும் குழம்பியிருந்தன. ஒன்றுக்குச் சாதகம் பொருந்தவில்லை. ஒன்றுக்கு உயரம் பொருந்தவில்லை. மூன்றாவது வீட்டார் நேரில் வந்து என்னைப் பார்த்து, கேக்கும் சாப்பிட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பிப் போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான்காவதாக வந்தது லொஸ் ஏஞ்சலிஸ் சம்பந்தம். பெயர் ரமணன். பொறியியலாளர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. அனுப்பிய படத்தில் முதுகில் பெரிய பை, கையில் நீளத் தடி, பின்னால் மொட்டை மலை. அண்ணி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னடி வதனி உது? பெடியன் ஆடு மேய்க்கிறவனோ?"

கூட வந்த கடிதத்தில் விளக்கம் இருந்தது. மகனுக்கு ஹைக்கிங் என்றால் உயிராம். பெண்ணுக்கும் அதில் விருப்பம் இருந்தால் மிகவும் சந்தோஷமாம். அண்ணி பதில் எழுதக் குசினி மேசையில் இருந்தார்.

"ஹைக்கிங் எண்டா என்ன?"

"நடக்கிறது, அண்ணி."

"நடக்கிறதுக்கு ஒரு பேரோ! நீ ஒவ்வொரு நாளும் ஸ்டேஷனுக்கு நடந்துதானே போறாய்?" என்று சொல்லிக்கொண்டே, "பொழுதுபோக்கு: நீண்டதூர நடை" என்று வடிவான எழுத்தில் எழுதினார்.

இதுவரை குற்றம் அண்ணியுடையது. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என்னுடையது.

ரமணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். முதல் ஞாயிறு, எங்கெங்கே நடந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "வேல்ஸிலை" என்றேன். வேல்ஸுக்கு நான் போனது உண்மை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு கோச்சில் போனேன். மலையைப் பனிப்புகார் மூடியிருந்ததால், அடிவாரக் கடையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

"எவ்வளவு தூரம் நடந்தனீங்கள்?"

"ஒரு பன்ரண்டு மைல்."

அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருடைய குரலில் ஒரு மகிழ்ச்சி கேட்டது. அந்த மகிழ்ச்சிக்காக அடுத்த ஞாயிறு ஸ்கொட்லாந்தும் ஏறினேன். (ஸ்கொட்லாந்துக்கு நான் போனதே இல்லை.) மூன்றாம் ஞாயிறு, "வரைபடம் பாக்கத் தெரியுமோ?" என்றார். "அதுதானே என்ரை வேலை!" என்றேன். இதுவும் ஒரு வகையில் உண்மை. ஹரோவில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு மேல் கார் நிறுத்தலாம் என்று நிறம் தீட்டிய வரைபடம் ஒன்று என் மேசைக்கு மேலே தொங்கியது.

அந்தச் செப்டெம்பரில் நான் லீவு போட்டு லொஸ் ஏஞ்சலிஸ் போனேன். பெரியம்மாவின் மகள் வீட்டில் தங்கி, இரண்டு கிழமையில் இரண்டு பக்கமும் பார்த்துப் பேசி முடிவெடுப்பதாக ஏற்பாடு. முதல் நாள் அவர்கள் வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்லி வடை சாப்பிட்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. எழும்பும்போது ரமணன், "சனிக்கிழமை உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். பாலைவனப் பூங்காவிலை ஒரு சின்ன ஹைக். உங்களுக்கு அது ஒண்டுமே இல்லை" என்றார்.

அந்தத் தேசியப் பூங்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்குள்ள பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. அது போதும்.

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். ரமணன் கார் ஓட்டினார். பக்கத்தில் அவருடைய அப்பா, கழுத்தில் பெரிய பைனாகுலரோடு. பறவை பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு, பேசுவது அல்ல. பின்னால் நானும் ரமணனின் அம்மாவும். தன்னை மாமி என்றும் அவரை மாமா என்றும் கூப்பிடச் சொல்லியிருந்தார். அறுபது வயது, இறுக்கிய கொண்டை, சேலைக்குக் கீழே வெள்ளை ஓட்டச் சப்பாத்து, மடியில் இடியப்பப் பார்சல், கையில் கறுப்புக் குடை. நான் அண்ணி தைப்பித்துத் தந்த மஞ்சள் சல்வார் போட்டிருந்தேன். காலில், ஹரோவில் வாங்கிப் பெட்டியோடு கொண்டுவந்த மலையேறும் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு அதுவரை நான் நடந்திருந்தது விமான நிலையத்தில் மட்டும்தான்.

மாமி என்னை "நீர்" என்றுதான் பேசினார். யாழ்ப்பாணத் தமிழில் "நீர்" என்றால் மரியாதையும் இல்லை, உரிமையும் இல்லை. பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

"நீர் இரவு வடிவா நித்திரை கொண்டனீரோ?"

"ஓம் மாமி."

இரவு முழுக்க நான் முழித்திருந்தேன்.

பூங்கா வாசலைத் தாண்டியதும் காட்சி பார்க்கத் தொடங்கினோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. யாரோ ஒரு பெரிய குழந்தை விளையாடிவிட்டு அடுக்கி வைக்காமல் போனது போலக் குவியல் குவியலாகப் பாறை. நடுவில் கை தூக்கி நிற்கிற விசித்திர மரங்கள். ஒவ்வொரு இடத்திலும் காரை நிறுத்தி, இறங்கி, பார்த்து, ஏறினோம். ஒரு பாறையைக் காட்டி, யானை மாதிரி இருக்கிறதல்லவா என்றார் ரமணன். எனக்கு அது எங்கள் கவுன்சில் மேலாளர் குனிந்து பேனை பொறுக்குவது மாதிரித் தெரிந்தது. "யானையேதான்" என்றேன்.

நடை தொடங்கும் இடத்தில் ஒரு கார்த் தரிப்பிடம், ஒரு தகவல் பலகை, ஒரு கழிப்பறை. ரமணன் என் கையில் பெரிய தண்ணீர்ப் போத்தல் தந்தார்.

"மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் குடிக்க வேணும். உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை."

சொல்லித் தந்தால் நான் அப்படியே செய்கிறவள். கடகடவென்று குடித்தேன். (பக்கத்திலேயே கழிப்பறை இருந்தது. ஆனால் அவருக்கு முன்னால் அதற்குள் போக வெட்கம். அந்த வெட்கத்தின் விலையைப் பிறகு பார்ப்பீர்கள்.)

"இன்னொண்டு. இஞ்சை சோயாவிலை கவனமா இருங்கோ" என்றார்.

எனக்குச் சோயா என்றால் ஒன்றுதான் தெரியும். பக்கெற்றில் வருகிற சோயா இறைச்சி. ஊறப்போட்டுக் கறி வைப்பது. பாலைவனத்தில் ஏதோ கடையில் அதை விற்கிறார்கள், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது போல என்று நினைத்துக்கொண்டேன். தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"எனக்குச் சோயா எண்டாலே பிடிக்காது" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நல்லது" என்றார்.

ஒரு மைல் நடந்திருப்போம். வெயில் தலையில் அல்ல, மூளைக்குள் நேராக இறங்கியது. பூட்ஸ் இரண்டும் என் குதிக்காலை மென்று தின்றுகொண்டிருந்தன. "எப்பிடி, ஸ்கொட்லாந்து மாதிரி இருக்கோ?" என்று ரமணன் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "கொஞ்சம் வெக்கை" என்றேன். ஒரு பெரிய பாறையின் நிழல் வந்ததும் மாமி அதில் இருந்துவிட்டார். இதற்கு மேல் தன்னால் ஏலாது என்றார். மேலே ஏறினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், போய்வர ஒரு மணித்தியாலம் என்றார் ரமணன்.

"நான் மாமிக்குத் துணையா இருக்கிறன்" என்றேன்.

எவ்வளவு நல்ல பெண் என்ற பார்வை ஒன்று அவருடைய கண்ணில் வந்தது. உண்மையில் அந்த நேரம் ஒரு படி ஏறினாலும் ஆபத்து என்ற நிலையில் நான் இருந்தேன். குடித்த ஒன்றரை லீற்றரும் வெளியே வர வழி கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது" என்று சொல்லி, வரைபடத்தை என்னிடமே தந்துவிட்டு அவரும் மாமாவும் போனார்கள்.

பத்து நிமிடம் பொறுத்தேன்.

"பிள்ளை, நீர் ஏன் இப்பிடி நெளியிறீர்?"

"ஒண்டுமில்லை மாமி. இஞ்சை சரியான வெக்கை. நாங்கள் காருக்குப் போவமே? எனக்கு வழி தெரியும்."

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் பிள்ளை, போவம்! எனக்கும் கால் கடுக்குது. உமக்குத்தான் வரைபடம் பாக்கத் தெரியுமாமே. ரமணன் சொன்னவன்."

வரைபடத்தை விரித்தேன். எனக்குத் தெரிந்த வரைபடத்தில் சிவப்பு என்றால் திங்கள் முதல் சனிவரை, நீலம் என்றால் பத்து மணி முதல் பதினொரு மணிவரை. இதில் எல்லாம் ஒரே மண்ணிறம். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தேன். மாமி பார்க்கிறார் என்று தலையை ஆட்டினேன். "இந்தப் பக்கம்" என்று கையை நீட்டினேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தோம். கார்த் தரிப்பிடம் வரவில்லை. "அடுத்த பாறைக்கு அங்காலைதான் மாமி" என்றேன். அடுத்த பாறைக்கு அங்கால் இன்னொரு பாறை. அப்போது மணலில் காலடித் தடம் கண்டேன். எனக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களே மாமி! இதுதான் பாதை. எங்களுக்கு முன்னாலை ரெண்டு பேர் போயிருக்கினம்."

மாமி குனிந்து தடத்தைப் பார்த்தார். காலடிக்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். தன் குடையின் நுனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, குடை ஊண்டிக்கொண்டு நடக்கிற இன்னொரு மனிசி உங்கை இருக்கிறாவோ?"

நாங்கள் ஒரே பாறையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த இடத்தில் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. "ரமணன்!" என்று கத்திப் பார்த்தேன். என் குரலே இரண்டு தரம் திரும்பி வந்தது. என் போத்தலில் ஒரு சொட்டு இல்லை. மாமியிடம் அரைப் போத்தல். அவருடைய முகம் செவ்வரத்தம்பூ நிறத்துக்கு வந்திருந்தது. மூச்சு வாங்கினார். என் பொய்க்கு இந்த மனிசி சாகப் போகிறாரோ என்று நினைத்தேன். அவரைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் நிழலான இடுக்கில் இருத்தினேன். தண்ணீரைக் குடிக்கச் சொன்னேன். இனி ஓர் அடியும் எடுத்து வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அன்று நான் எடுத்த ஒரே புத்தியான முடிவு அது. ஆனால் என் வயிறு அதற்குச் சம்மதிக்கவில்லை.

"மாமி..." என்றேன். "எனக்கு ஒருக்கா... ஒண்டுக்கு..."

"அதுக்கோ உந்தப் பாடு? இவ்வளவு நேரமும் அதுக்கோ நெளிஞ்சனீர்? விசர்ப் பிள்ளை! உங்கை பத்தையள் நிக்குது. போட்டு வாரும். நான் அங்காலை பாக்கிறன்."

கொஞ்சம் தள்ளி, பாறையின் வளைவில், இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி நின்றது. வெள்ளையும் மஞ்சளுமாக, பார்க்கப் பஞ்சு பொதிந்த கரடிப் பொம்மை மாதிரி. வெயிலில் மின்னியது. எவ்வளவு மென்மையான செடி என்று நினைத்தேன். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சல்வார் நாடாவோடு மல்லுக்கட்டி அவிழ்த்து, குந்தினேன்.

அப்படி ஒரு நிம்மதியை நான் கோயிலிலும் அனுபவித்ததில்லை. அந்த நிம்மதியில் பூட்ஸ் சறுக்கி, ஒரு சாண் பின்னுக்குப் போனேன்.

நான் போட்ட சத்தத்துக்குப் பள்ளத்தாக்கில் இருந்த பறவை எல்லாம் எழும்பியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பாலைவனத்துச் சோயா என்பது ஒரு கள்ளி. ரமணன் சொன்ன சோயா அதுதான். அதன் முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொளுக்கி இருக்கும். பட்டால் முள் மட்டும் ஏறாது, செடியின் துண்டே கழன்று கோழிமுட்டை அளவில் தசையோடு வந்துவிடும். எனக்கு அப்படி நான்கு துண்டு. எங்கே என்று சொல்லத் தேவையில்லை.

மாமி விழுந்தடித்து ஓடி வந்தார். நான் சல்வாரை மேலே இழுக்கவும் ஏலாமல், இருக்கவும் ஏலாமல், நிற்கவும் ஏலாமல், நாலு காலில் நின்றேன்.

"மாமி, பாக்காதேங்கோ! பாக்காதேங்கோ!"

"பாக்காமல் என்னெண்டு எடுக்கிறது? படும். குப்புறப் படும்."

பக்கத்திலிருந்த தட்டைப் பாறையில் படுத்தேன். வெயிலில் அது தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. மாமி கையால் ஒரு துண்டைப் பிடித்து இழுத்தார். அது என்னை விட்டு அவருடைய விரலில் ஏறியது. "ஐயோ, சனியன்!" என்று உதறினார். (என்னைச் சொல்கிறாரோ கள்ளியைச் சொல்கிறாரோ என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.) பிறகு குடையை விரித்து, பாதை என்று நாங்கள் நம்பிய பக்கத்தை மறைத்து நிறுத்தினார். கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்தார். சீப்பின் பல்லைத் துண்டுக்கும் எனக்கும் நடுவில் விட்டு, ஒரு சுண்டு சுண்டினார். துண்டு பறந்து போனது.

"அம்மா!" என்றேன்.

"சத்தம் போடாதை. ஒண்டு போட்டுது. இன்னும் மூண்டு."

அந்த வேதனையிலும் என் காது அதைப் பிடித்துக்கொண்டது. "போடாதேயும்" அல்ல, "போடாதை." நான் "நீர்" ஆக இருந்த காலம் முடிந்து, "நீ" ஆகியிருந்தேன்.

மூன்றாவது துண்டு பறந்த பிறகு மாமியின் கை கொஞ்சம் நின்றது.

"எடி பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? நீ வேல்ஸிலை பன்ரண்டு மைல் நடந்தது இந்தச் சப்பாத்தோடையோ?"

"ஓ... ஓம் மாமி."

"அடியிலை விலைத் துண்டு ஒட்டினபடி கிடக்கு."

பாறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "மாமி, நான் ஒரு மலையும் ஏறேல்லை. வேல்ஸிலை தேத்தண்ணி குடிச்சனான். ஸ்கொட்லாந்து போகவே இல்லை." சொல்லிவிட்டு அழத் தொடங்கினேன். முள்ளுக்கும் அழுதேன், நான்காவது சம்பந்தத்துக்கும் அழுதேன். மாமி நான்காவது துண்டைச் சுண்டினார். பிறகு குனிந்து, மிச்சம் நின்ற முள்ளை ஒவ்வொன்றாக நகத்தால் பிடுங்கத் தொடங்கினார்.

இந்த நேரத்தில் மற்றப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு ரமணன் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இறங்கி வந்து எங்களைக் காணாமல், ஓடிப்போய்ப் பூங்காக் காவலரைக் கூட்டிவந்திருக்கிறார். பெரிய தொப்பி போட்ட ஒரு பெண். வழியில் கண்ட வயதான ஜெர்மன் தம்பதியும் தேடுவதில் சேர்ந்துகொண்டார்கள். நான் போட்ட சத்தம் வந்த திசையில் எல்லாரும் ஒரு மேட்டில் ஏறினார்கள். மாமா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"ஒரு கறுப்புக் குடை தெரியுது" என்றார். "உன்ரை அம்மான்ரை குடைதான். குடைக்கு இஞ்சாலை மஞ்சளா... மஞ்சளுக்குப் பக்கத்திலை..."

அதோடு நிறுத்தினார். பைனாகுலரை மெதுவாகக் கழற்றி, மூடி, உறையில் போட்டார்.

"என்னப்பா? என்ன தெரியுது?"

"உயிரோடை இருக்கினம்" என்றார் மாமா.

குடை மறைத்த பக்கம் வேறு, அவர்கள் வந்த பக்கம் வேறு. ரமணன் பாறையைச் சுற்றி ஓடிவந்தார். அடுத்தது காவலர். அடுத்தது ஜெர்மன்காரர். மாமா மட்டும் வரவில்லை. தூரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைத் திருப்பினேன். என்னைக் கல்யாணம் செய்ய வந்தவரின் முகமும் என் முகமும் முதல் தடவையாக ஒரே மட்டத்தில் சந்தித்தன. அவர் தடக்கி முழங்காலில் விழுந்திருந்தார்.

"ஆம்பிளையள் எல்லாரும் திரும்புங்கோ!" என்று மாமி கத்தினார். தமிழில்தான் கத்தினார். ஜெர்மன்காரரும் திரும்பினார்.

காவலர் பெண் முட்டுக்கால் போட்டு என்னைப் பரிசோதித்தார். சீப்புப் பாவித்தது மிகச் சரி என்று மாமியைப் பாராட்டினார். பிறகு, ஏன் இங்கே வந்து குந்தினீர்கள் என்று கேட்டார். கழிப்பறையைத் தேடினோம் என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைகாட்டினார். அடுத்த பாறைக்குப் பின்னால் கழிப்பறையின் கூரை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் எங்கள் கார்.

காவலர் அறையில் படிவம் நிரப்பினார்கள். நான் மேசையைப் பிடித்தபடி நின்றுகொண்டு பதில் சொன்னேன். பெயர், வயது, முகவரி. கடைசிக் கேள்வி: முன் அனுபவம் உண்டா? ரமணன் எனக்காகப் பதில் சொன்னார். வேல்ஸ், ஸ்கொட்லாந்து என்று சொல்லிக்கொண்டே போனார்.

"இல்லை" என்றேன் நான். "ஒரு அனுபவமும் இல்லை. பொய் சொன்னனான்."

காவலர் "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். ரமணன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திரும்புகிற வழி முழுக்க நான் பின் ஆசனத்தில் குப்புறக் கிடந்தேன். தலை மாமியின் மடியில், இடியப்பப் பார்சல் இருந்த இடத்தில். முன்னால் இரண்டு ஆண்களும் வீதியை மட்டும் பார்த்தார்கள். பெரியம்மாவின் மகள் வீடு தூரம் என்பதால், முதலில் தங்கள் வீட்டுக்கே கொண்டுபோய் ஓர் அறையில் படுக்கவைத்தார்கள். ஹரோவுக்கு என்ன முகத்தோடு திரும்புவது என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். குசினியில் இருந்து பேச்சுக் கேட்டது.

"அம்மா, அவ பொய் சொன்னவ. ஒரு நாள் இல்லை, மூண்டு ஞாயிற்றுக்கிழமை."

"ஓம், சொன்னவள். நானும் பத்து வருஷமா உனக்குப் பொய்தான் சொல்லுறன்."

"என்ன?"

"எனக்கும் நடக்க விருப்பம் எண்டு. உனக்குத் துணையா வர ஆளில்லை எண்டுதானே உந்த வெய்யிலுக்கை உன்னோடை இழுபடுறன். எனக்கு உந்தக் கல்லுகளைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். கொப்பரும் இண்டைக்குத்தான் ஏறினவர், மற்ற நாளெல்லாம் குருவி பாக்கிறன் எண்டு காருக்கை இருந்து நித்திரை கொள்ளத்தான் வாறவர்."

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ரமணன் அறை வாசலுக்கு வந்து நின்றார். நான் தலையணையில் இருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்தேன்.

"ஒண்டு மட்டும் கேக்கிறன்" என்றார். "சோயாவிலை கவனமா இருங்கோ எண்டு நான் சொல்லேக்கை, நீங்கள் என்ன விளங்கிக்கொண்டனீங்கள்?"

"சோயா மீற்... கறி வைக்கிறது. வயித்துக்குக் கூடாதாக்கும் எண்டு நினைச்சனான்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு சத்தம் வந்தது. தொலைபேசியில் மூன்று மாதம் பேசியும் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. விக்கல் வந்த ஆடு மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் முள்ளேறின இடம் வலித்தது, வலித்ததைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார். தன் கல்யாணப் பேச்சைக் குப்புறப் படுத்தபடி முடித்துக்கொண்ட பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விமானத்தில் பதினொரு மணித்தியாலம் இரண்டு தலையணைக்கு மேல் இருந்து வந்தேன். விமான நிலையத்தில் என் நடையைப் பார்த்து அண்ணி, "அவ்வளவு தூரம் ஏறினனீங்களோ?" என்று கேட்டார். மாமா அந்த மாதமே பைனாகுலரைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டாராம். சாகும்வரை அந்த நாளைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. அவ்வளவு நல்ல மனிசன்.

ரமணன் லண்டனில் வேலை எடுத்துக்கொண்டு வந்தார். விம்பிள்டன் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. ஹைக்கிங்குக்கு அவர் இப்போதும் போகிறார், தனியாக. மாமா இறந்த பிறகு மாமியும் எங்களோடு ஹரோவுக்கு வந்துவிட்டார்.

போன வருடம் மாமி தோட்டப் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், கழுவித் துடைத்துவிட ஒரு தாதியை அனுப்பினார்கள். நல்ல சிரித்த முகமான நைஜீரியப் பெண். மாமி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அவளைக் கிட்ட விடவில்லை. மருமகள் செய்வாள் என்றார். தாதிக்கு ஆச்சரியம். பெற்ற மகள்களைக் கூட விடாத தாய்மாரைத் தான் பார்த்திருப்பதாகவும், மருமகளோடு இவ்வளவு நெருக்கம் எப்படி வந்தது என்றும் கேட்டாள்.

"மாமி, வேண்டாம்" என்றேன் தமிழில்.

மாமி தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முப்பது வருடமாகப் பாவிக்கிற தன் ஆங்கிலத்தில், அவசரப்படாமல், தாதிக்கு விளக்கினார். தங்கள் வழக்கத்தில் பெண்ணின் முகத்தைப் படத்தில் பார்ப்பார்களாம். இவளுடைய மிச்சத்தைத் தான் பாலைவனத்தில் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாராம்.

தாதி கையுறையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முழுக் கதையும் கேட்டாள். குடை, சீப்பு, பைனாகுலர் எல்லாவற்றோடும் மாமி சொன்னார்.

அடுத்த கிழமை வேறொரு தாதி வந்தாள். கதவைத் திறந்து, நான்தான் மருமகள் என்றேன். "ஓ, நீங்கள்தானா!" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது அவளுடைய கண் என் முகத்தில் இல்லை.